மாப்பிள்ளைக்கு ஏற்றிய ரத்தம்

திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் நான் நர்சாக இருந்தபோது எங்கள் டாக்டரம்மாவுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. குழந்தை பிறந்து கொடியை வெட்டியதும், நஞ்சுக்கொடியில் நிற்கிற ரத்தத்தைப் பாட்டிலில் வடித்து, உறையாமலிருக்க மருந்து கலந்து ஐஸில் வைக்க வேண்டும். மாசம் நிறையாமல் பிறக்கிற பிள்ளைகளுக்கு ஏற்றலாமாம். ஐஸ் விழுப்புரத்திலிருந்து ரயிலில் வந்து சேரும்போது பாதி தண்ணீர். மிச்சத்தில் கம்பவுண்டர் தன் கலர் சோடாவைச் சொருகி வைப்பார். அவரோடு சண்டை போட்டே எனக்குத் தொண்டை போயிற்று.

அப்போது கோலியனூர்ப் பக்கமிருந்து அண்ணியும் நாத்தனாரும் ஒரே வாரத்தில் பிரசவத்துக்கு வந்தார்கள். மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, போடுகிற குடும்பம். முதலில் அண்ணிக்கு எட்டாம் மாசத்திலேயே பையன். வெளுத்துப்போய்க் கிடந்தான். ரத்தம் ஏற்றாவிட்டால் பிழைக்க மாட்டான் என்றார் டாக்டரம்மா. இருந்த பாட்டில் ஒன்றும் பொருந்தவில்லை. பிறகு நாத்தனாருக்குக் கொழுகொழுவென்று பெண் பிறந்தது. அந்த ரத்தம் பொருந்தியது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

பக்கத்துக் கட்டிலிலிருந்து நாத்தனார் கத்தினாள்.

"ஐயோ, வேணாங்க! எம்பொண்ண அவனுக்குத்தான் கட்டறதாப் பேசிக்கினு இருக்கோம். அவ ரத்தம் அவன் ஒடம்புல ஓடுனா அண்ணன் தங்கச்சி ஆயிடுவாங்களே!"

ரத்தம் ஏற்றினால் முறை மாறாது என்று டாக்டரம்மா பாட்டிலைப் பிடித்தபடி விளக்க ஆரம்பித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"மாப்பிள்ளை உசுரோட இருந்தாத்தானே முறை பாப்பே? வாய மூடுடி!"

அண்ணி சொன்னாள்: "அண்ணனாவே இருந்துட்டுப் போவட்டும். மூச்சு உட்டாப் போதும். ஏத்துங்கம்மா."

ஏற்றினோம். சாயங்காலம் அவன் உதட்டில் சிவப்பு ஏறி, வீலென்று அழுதான். நானும் அழுதேன். நாத்தனார் அவனை வாங்கிக் கொஞ்சினாள்.

"அடுத்தும் ஒரு பொண்ணு பெத்து இவனுக்கே கட்டறேன்."

அவளும் இவனுக்குத் தங்கச்சிதானே ஆவாள் என்று கேட்க வாயெடுத்தேன். டாக்டரம்மா என் காலை மிதித்தார்.

அடுத்த பிரசவத்துக்கும் அவள் எங்களிடமே வந்தாள். இடுப்பில் அந்தப் பையனோடு அண்ணியும் வந்திருந்தாள்.

"நர்ஸம்மா, இந்தத் தபா ரத்தம் கித்தம் எடுக்கக் கூடாது. பொறக்கப்போறவ இவனுக்குன்னு வச்சிருக்கேன்."

பிறந்தது பையன். கொடியை வெட்டிவிட்டு, பாட்டிலைத் தொடாமல் நின்றேன். அவள் முகம் சுண்டிப் போயிற்று. பிறகு தலையைத் தூக்கி என்னை அதட்டினாள்.

"என்னா பாத்துக்கினு நிக்கறீங்க? ஜல்தி எடுங்க. எந்தப் புள்ள காத்துக்கினு கெடக்குதோ!"