முன்னால் நின்றவனுக்குப் போட்ட பொன்னாடை

எங்கள் ராக் குழுவில் இரண்டு கிட்டார். ஒன்று நான், மற்றது என் நண்பன். இரண்டு பேரில் யார் கெட்டிக்காரன் என்று பார்த்தவர்களைக் கேட்டால் என்னைக் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் அவனைக் காட்டுவேன். இதில் தன்னடக்கம் ஒரு மண்ணும் இல்லை. நான் வாசிப்பது கோர்டு, பாட்டுக்கு அடியில் விடாமல் ஓடுகிற சத்தம். ஆறு மாதம் விரல் தேய்ந்தால் யாருக்கும் வரும். அவன் வாசிப்பது லீட். பாடகன் வாயை மூடியதும் கிட்டார் எழுந்து பாடும் பாருங்கள், கேட்டவர்கள் வீட்டுக்குப் போகும்போது முணுமுணுத்துக்கொண்டு போவார்களே, அது முழுக்க அவன் கை.

ஆனால் நிற்கிற இடம் என்று ஒன்று இருக்கிறது. நான் மேடையின் முன்னால் நிற்பேன். எனக்கு நீளமான முடி, கொஞ்சம் ஆடவும் வரும். அவன் டிரம்ஸ் பக்கத்தில் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். ஜுருவில் தொழிற்சாலை வேலை முடிந்து கடல் பாலம் தாண்டி ஜார்ஜ் டவுனுக்கு வருவான். மோட்டார் சாமான் கடைக்கு மேலே ஒத்திகை பார்க்க ஒரு ஜாமிங் அறை, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்போம். யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து நின்று வாசிப்பான். மேடையிலும் அதே கதைதான். அவன் லீட் உச்சத்துக்குப் போகும்போது நான் கண்ணை மூடிப் பின்னால் சாய்வேன். கூட்டத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? சத்தம் என்னிடமிருந்து வருகிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் டிரம்மரின் அக்கா கல்யாணத்தில் இது வினையாகிவிட்டது. பட்டர்வொர்த்தில் ஒரு மண்டபம், ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து. என் நண்பன் ஒரு பெண்ணை விரும்பினான். அவளுடைய அப்பா ஜுருவில் பழைய கார் வாங்கி விற்பவர். கிட்டார் கிட்டார் என்று திரிகிறவனுக்குப் பெண் கொடுக்க அவருக்கு மனம் இல்லை. மகள் கெஞ்சிக் கூத்தாடியதில், "சரி, ஒரு தடவ பாக்குறேன். அதுல அவன் நல்லா செஞ்சா பேசலாம்" என்று அந்த விருந்துக்கு வந்து முன்வரிசை மேசையில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து என் நண்பன் ஒரு வாய் சாப்பிடவில்லை.

பாதி நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். நம் ஊர் விசேஷங்களில் பொன்னாடை போடாமல் எது நடந்திருக்கிறது? பாடகனுக்கு ஒன்று, டிரம்மருக்கு ஒன்று, "நம் நெஞ்சை அள்ளிய கிட்டார் கலைஞருக்கு" ஒன்று. கிட்டாருக்கென்று ஒன்றுதான் வாங்கி வைத்திருந்தார்கள். அது நேராக என் கழுத்துக்கு வந்தது. நான் பின்னால் கையைக் காட்டி, "லீட் அவருதாங்க" என்றேன். அறிவிப்பாளர் மைக்கில், "பாருங்க, எவ்வளவு தன்னடக்கம்" என்றார். கைதட்டல் இரண்டு மடங்காகியது. திரும்பிப் பார்த்தேன். என் நண்பனும் தட்டிக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு வரிசையில் பெண்ணின் அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, நீங்க ரொம்ப அருமையா வாசிக்கிறீங்க லா. பின்னால நிக்கிறாரே, என் மக சொன்ன பையன், அவரு சும்மா உங்களுக்குத் தொணைக்கா?"

"இல்ல அங்கிள். நீங்க கேட்டதெல்லாம் அவரு வாசிச்சது. நான் கோர்டு மட்டுந்தான்."

அவர் என் தோளைத் தட்டினார். "கூட்டாளிய விட்டுக் கொடுக்க மாட்டீங்க. நல்ல கொணம். ஆனா எனக்குக் கண்ணு இருக்குல்ல? காடி யாவாரம் பண்றவன் நான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரின் பெயிண்டைப் பார்த்து விலை சொல்கிற யாவாரி போலிருக்கிறது என்று மனதுக்குள் திட்டினேன். ஆனால் கோபத்தை அவர்மேல் எத்தனை நேரம் வைத்திருக்க முடியும்? பெயிண்ட் அடித்துக்கொண்டு நின்றவன் நான்தானே. அவமானமாக இருந்தது. பிரியாணித் தட்டை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்தேன்.

மறுபடி மேடை ஏறியதும் ஒரு முடிவுக்கு வந்தேன். நீளமான லீட் உள்ள பாட்டு வந்தது. அவன் தொடங்கினான். நான் வழக்கம்போல முன்னால் போனேன். வால்யூமைக் குறைத்து, என் கிட்டாரிலிருந்து வயரைப் பிடுங்கி, எல்லோரும் பார்க்கட்டும் என்று உயர்த்திக் காட்டிக் கீழே போட்டேன். இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றேன். அப்புறமும் கிட்டார் பாடிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா வயரைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், அப்புறம் கழுத்தை நீட்டிப் பின்னால் பார்த்தார். அவர் வாய் திறந்தபடி நின்றது. நான் அவர் முகத்தையே ரசித்துக்கொண்டிருந்தேன். பெரிய தியாகி என்று நினைப்பு.

பிறகு என்ன ஆனதென்றால், மண்டபம் அமைதியாகியது. டிரம்ஸ் சத்தமும் இல்லை. திரும்பினேன். என் நண்பன் வாசிப்பதை நிறுத்திவிட்டு என் ஸ்பீக்கர் முன்னால் முட்டி போட்டு, திருகுகளைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"டேய், உன் சத்தம் போச்சுடா. ஸ்பீக்கர் அவுட்டா?"

நானே பிடுங்கினேன் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. தரையில் கிடந்த வயரைக் கண்டதும் ஓடி வந்து எடுத்து, துடைத்து, என் கிட்டாரில் செருகினான். "கழண்டுருச்சு போல. நீ இல்லாம பாட்டுல எங்க போறதுன்னே தெரியலடா எனக்கு."

எந்த நாளில் அவன் தடுமாறக்கூடாதோ, எந்த மனிதர் முன்னால் தடுமாறக்கூடாதோ, அங்கே அவனை நிறுத்தி வைத்துவிட்டேன். அதுவும் மண்டபம் முழுக்க மறுபடி என்னையே பார்க்கிற மாதிரி. செத்துவிடலாம் போல இருந்தது.

பெண்ணின் அப்பா எழுந்தார். போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடையின் ஓரமாக, என் நண்பனின் கை தெரிகிற பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, மொதல்லேருந்து வாசிங்க" என்றார். என்னிடம் அல்ல.

அவன் வாசித்தான். அவர் கடைசிவரை எழவில்லை. அடுத்த வாரம் வீட்டுக்கு வரச் சொன்னார், கல்யாணமும் ஆகிவிட்டது. எல்லோரும் அதைச் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு டிரம்மர் வண்டியில் சாமான்களை ஏற்றும்போது ஒன்று சொன்னான். என் சத்தம் நின்றதும் டிரம்ஸின் அடுத்த அடியிலேயே நண்பனின் தலை நிமிர்ந்ததாம். யாருமே கேட்பதில்லை என்று நான் நினைத்த அந்தக் கோர்டுகளை அவன் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அவன் லீட் நின்றது எனக்கு எப்போது தெரிந்தது? டிரம்ஸும் நின்று, மண்டபமே அமைதியான பிறகுதான்.