மூன்று வாரமாகியும் காயாத துளி

லிஃப்டுகளைப் பரிசோதித்துச் சான்று வழங்கும் அவரை அலுவலகத்தில் ‘ஃபைல்காரர்’ என்றே அழைத்தார்கள். இரும்புக் கயிறோ கதவோ, எதைப் பார்த்தாலும் படமெடுத்துத் தேதியிட்டுக் கோப்பில் சேர்த்துவிடுவார். அந்தச் சின்ன டிஜிட்டல் கேமரா திடீரென்று வேலைசெய்யாமல் போனபோது சர்வீஸ் சென்டர் தந்த சீட்டில் ஒரே வரி இருந்தது: ‘பயன்படுத்தியவர் தண்ணீரில் போட்டிருக்கிறார், வாரண்டி செல்லாது.’ வாரண்டி போனதுகூடப் பெரிதில்லை. அவருடைய கையெழுத்தை நம்பி ஊரே லிஃப்டில் ஏறுகிறது. அவரையே பொய்யராக்கிவிட்டதே ஒரு துண்டுச் சீட்டு. பதினோரு பக்கத்தில் புகார் எழுதினார். உறையை ஒட்டுவதற்குமுன், கேமராவைத் தாமே ஒருமுறை திறந்து பார்த்துவிட உட்கார்ந்தார்.

இந்த வேலையை அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஃப்ளாஷுக்கான மின்சாரம் உள்ளேயே தங்கியிருக்கும் என்பதைக்கூட முன்பு ஒரு பழைய கேமராவில் ஷாக் வாங்கித்தான் தெரிந்துகொண்டார். ரப்பர் கையுறை மாட்டி, திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே காகிதத்தில் ஒட்டிவைத்தார். பேட்டரி மூடியின் இடுக்கில் ஒரு துளி மின்னியது. சர்வீஸ் சென்டரிலிருந்து திரும்பியபின் வெயில் படும் ஜன்னலோரம் மூன்று வாரம் கிடந்த கேமரா அது. வெறும் தண்ணீர் என்றால் என்றைக்கோ காய்ந்திருக்கும். கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தார், பிசுபிசுத்தது. நாக்கு நுனியில் வைத்தார். உப்பும் கசப்புமாக இருந்தது.

“அதையும் நக்கிப் பாத்தாச்சா? இனிமே உங்களையும் சர்வீசுக்குக் குடுக்கணும்,” என்றாள் மனைவி.

வீட்டில் காயாத தண்ணீர் எது என்று அவளிடமே கேட்டார். துணி அலமாரியில் ஈரம் உறிஞ்சத் தொங்கும் பையின் அடியில் தேங்குவதுதான் எத்தனை துடைத்தாலும் போவதில்லை என்றாள். கேமராவுக்கு ஈரம் ஆகாதென்று, அதே பையின் வெள்ளை மணிகளைத் துணியில் முடிந்து கேமராப் பெட்டிக்குள் வைத்தவர் அவர்தான். அந்தப் பையின் உறையும் எண்ணிடப்பட்டுக் கோப்பில் இருந்தது. முதன்முறையாக அதைப் படித்தார்: மணிகள் ஈரத்தை உறிஞ்சி நீராகக் கரையும், எதன்மீதும் படாமல் வைக்கவும்.

“அப்போ அவங்க சொன்னது சரிதானா?”

“தண்ணி உண்மை. தண்ணியில போட்டேங்கிறதுதான் பொய்.”

பதினோரு பக்கம் ஒரு பக்கமாகச் சுருங்கியது. தண்ணீர் புகுந்தது உண்மை, அதற்குக் காரணம் நானே; நான் தண்ணீரில் போட்டதாக எழுதியதை மட்டும் நீக்குங்கள் என்று எழுதி, காயாத துளியைப் பற்றியும் சொல்லி, மணிப்பை உறையின் நகலையும் இணைத்து அனுப்பினார்.

வாரக் கடைசியில் திருத்திய சீட்டு வந்தது. வாரண்டி செல்லாது என்பது அப்படியே இருந்தது. ‘தண்ணீரில் போட்டிருக்கிறார்’ என்பதைக் கோடிட்டு அடித்து, அருகில் கையொப்பமிட்டிருந்தார் சர்வீஸ் சென்டரில் பழுதுபார்க்கும் அம்மாள். கீழே அந்த அம்மாளின் கையெழுத்திலேயே இன்னும் ஒரு வரி: ‘இப்படி ஒன்றை நான் பார்த்ததேயில்லை. அந்தத் துளியைத் துடைக்காமல் கொண்டுவர முடியுமா?’

அவர் அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, திறந்த கேமராவைக் கிண்ணத்தில் ஏந்தியபடி கிளம்பினார்.