ஜைனம்பு அக்கா தேடிப்போன வண்டிகள்

ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். எதிர்க்கடையில் வேலை பார்க்கும் காதர் தெருவைத் தாண்டி வந்து, "அக்கா மௌத்தாயிட்டாங்கண்ணே. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்" என்றான். தூக்கிய ஷட்டரை அப்படியே இறக்கிவிட்டேன். சற்று நேரத்தில் சிம்மக்கல்லில் எங்கள் தெரு முழுக்க ஷட்டர் இறங்கும் சத்தம்தான். ஜைனம்பு அக்காவிடம் பொருள் வாங்கியவர்களுக்கும், என்னைப் போல அவரோடு போட்டி போட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

வண்டிகளுக்கு எரிபொருள் பம்ப் விற்பது எங்கள் இருவருக்கும் தொழில். பதினெட்டு வருடம் எதிரெதிர்க் கடை. பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் என்ஜினின் வேகத்தையும் இழுவையையும் கூட்டி ஓட்டத் தொடங்கிய காலத்தில், அந்தச் சந்தை எங்கே போகும் என்று எங்களில் முதலில் கண்டுகொண்டவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நீர் வற்றிய கண்மாய்களில் அந்த வண்டிகளைச் சேற்றிலும் மேட்டிலும் ஏற்றிப் பந்தயம் நடத்துவார்கள். அக்கா குடையோடு போய், கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். எந்த வண்டி எந்த மேட்டில் திணறுகிறது என்று குறித்துக்கொள்வார்.

"என்னக்கா, வெயில்ல ஒக்காந்து வேடிக்கையா?" என்று ஒருமுறை கேலி செய்தேன்.

"வேடிக்கை இல்ல பாண்டி. என்ஜின் பெலத்த கூட்டிட்டானுக. கம்பெனி பம்ப் அம்புட்டு எண்ணெய அனுப்ப முடியாம முக்குது. இனி எல்லாரும் பெரிய பம்ப் கேட்டு வருவாங்க, பாரு" என்றார்.

வந்தார்கள். பந்தயக்காரர்கள் மட்டுமில்லை, கொட்டாம்பட்டியிலிருந்து தேங்காய் ஏற்றுகிறவர்களும் வந்தார்கள். அதிக எண்ணெய் தள்ளும் 'ஹை-ஃப்ளோ' பம்ப் எங்கள் தெருவில் நிற்காமல் போனது. நான் சரக்கு எடுக்கத் தொடங்கும்போது அக்கா கடையில் மூன்றாவது லோடு இறங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் கொடுக்கவில்லை. கீழக்குயில்குடிக்காரர் ஒருவர், கண்ணன் என்று பெயர், இருப்பதிலேயே பெரிய பம்ப் வேண்டுமென்று வந்து நின்றார்.

"என்ஜின்ல என்ன வேலை பாத்திருக்கீங்க?"

"ஒன்னும் பாக்கலக்கா. பம்ப மாத்துனா வண்டி பறக்கும்னாங்க."

"பறக்காது. ஃபில்டர் அடைச்சிருக்கும், அத மாத்துனா போதும். போயிட்டு வாங்க."

அக்கா திருப்பியனுப்பிய அந்தக் கண்ணன் தெருவைக் கடந்து நேரே என் கடைக்கு வந்தார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பம்பை எடுத்துக் கொடுத்தேன். அன்று அக்காவை நினைத்துச் சிரித்தும் கொண்டேன்.

சில மாதம் கழித்துக் கொட்டாம்பட்டி வண்டி ஒன்று அக்கா கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் உருகிப்போன ஒரு வயரை நீட்டினார். பெரிய பம்ப் அதிகக் கரண்ட் இழுக்கிறது. வண்டியில் இருக்கும் பழைய மெல்லிய வயர் அதைத் தாங்காமல் கொதிக்கிறது. அந்த வயர் போவதோ எண்ணெய் டேங்கை ஒட்டி. அக்கா வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் காதரைக் கூப்பிட்டு, "பம்ப் விக்கிறத நிப்பாட்டு. வாங்குன அம்புட்டுப் பேருக்கும் போனைப் போடு" என்றார்.

மறுநாள் முதல் கடையைக் காதரிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த வயர் இழுத்து, நடுவில் ஃபியூஸ் வைத்து, வண்டி வண்டியாக மாற்றிக்கொடுத்தார். முட்டு வலிக்காரர். தார்ரோட்டு ஓரத்தில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் அவர் படுத்திருந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். அது முடிந்ததும் என் கடைக்கு வந்தார்.

"ஒங்கிட்ட வாங்குனவங்க நம்பரையும் குடு பாண்டி."

எனக்குச் சுருக்கென்றது. "என் கஸ்டமர நான் பாத்துக்கிறேன்க்கா."

"எப்பப் பாப்ப? எரிஞ்ச பெறகா?"

நம்பர்களை எடுத்துக்கொண்டு, வேண்டாவெறுப்பாக நானும் உடன் போனேன்.

கண்ணன் வீட்டு வாசலில் பிக்கப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். விடிந்தால் குலதெய்வக் கோயிலுக்குக் கிடா வெட்டப் போகிறார்கள். பெண்களும் பிள்ளைகளுமாக வீடு நிறைய ஆட்கள், எல்லோரும் அந்த வண்டியில்தான். அக்கா அடியில் புகுந்து பார்த்துவிட்டு, "பாண்டி, இங்க வா" என்றார். போனேன். டேங்குக்கு ஒரு சாண் தள்ளி வயரின் மேல்தோல் கருகி, செம்பு வெளியே தெரிந்தது.

கண்ணன் குனிந்து, "யாரு தப்புக்கா இது?" என்று கேட்டார்.

வேண்டாமென்று திருப்பியனுப்பியவர் அக்கா. என்னைக் கைகாட்டியிருக்கலாம். "எங்க தெருத் தப்பு தம்பி. நாங்க சரி பண்ணிட்டுத்தான் போவோம்" என்றார்.

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "வித்தது நான் கண்ணன். அக்கா வேணாம்னாங்க. நான்தான் குடுத்தேன்" என்றேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "அந்த ஸ்பேனரக் குடு" என்றார், அவ்வளவுதான்.

இந்த விஷயம் வெளியே பரவினால் பம்ப் வியாபாரமே படுத்துவிடும் என்று தெருவில் எல்லோரும் பயந்தோம். நடந்தது வேறு. தேனியிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் ஆட்கள் வந்து, பம்போடு வயரும் சேர்த்துப் போடச் சொன்னார்கள். அதற்கு 'அக்கா வயர்' என்று பெயரே விழுந்துவிட்டது. அவர் உயரத்தை அன்று அண்ணாந்து பார்த்தவன், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு வேலை. சனிக்கிழமை மதியங்களில் கடையைச் சாத்திவிட்டு, நான் பம்ப் விற்ற ஏதாவது ஒரு வண்டியைத் தேடிப் போகிறேன். அவர் அடக்கம் முடிந்து வந்த சனிக்கிழமையும் போனேன். மேலூர்ப் பக்கம் வைக்கோல் இறக்கிக்கொண்டிருந்த ஓட்டுநர் என்னைப் பார்த்துத் திகைத்து, "என்னண்ணே, எதுவும் பிரச்சினையா?" என்றார்.

"ஒன்னுமில்ல. சும்மா பாக்க வந்தேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய் வயரைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.