கல்லுப் பக்கம் திருப்பின சுக்கான்

ஜெபா, ஸ்டீபன், கடலுக்குக் கிளம்புறப்ப அப்பா ஏன் கண்ணை மூடி நிக்கிறேன்னு கேட்டீங்க. எட்டாவதோட நின்னவன், தெரிஞ்ச மாதிரி எழுதுறேன்.

போன சித்திரையில ஒரு செவ்வாய்க்கிழமை. சிதம்பரத்து டாக்டர் சாரோட பாய்மரப் படகுல அவரும் ஒத்தாசைக்குப் போன நானும் கடலூருக்குத் திரும்பிக்கிட்டிருந்தோம். எஞ்சின் காலையிலயே நின்னுபோச்சு. காத்தும் இல்ல. அதனால சார் முன்பக்கம் மெல்லிசுப் பாயை விரிச்சார். புடவை மாதிரித் துணி. லேசான காத்துக்குத்தான் அது. காத்து ஏறினா உடனே சுருட்டிடணும்.

அந்தப் பாயை இழுத்துப் பிடிக்கிற கயித்தை என்கிட்ட குடுத்தார். கட்டையில சும்மா சுத்தி வைக்கணும், முடிச்சு கூடாது. நான் வலைக்கயிறு கட்டுற பழக்கத்துல இறுக்கி முடிச்சு போட்டுட்டேன்.

மத்தியானம் கடல்காத்து திடீர்னு ஏறிச்சு. படகு ஒருக்களிச்சு சாஞ்சிடுச்சு. சார் முன்னால போயி பாயைச் சுருட்டப் பாக்குறார். கயிறு இறுகி நிக்கிறதால அது சுத்தவே இல்ல.

"கயித்தை விடுய்யா அந்தோணி."

"வரல சார். முடிச்சு போட்டுட்டேன்."

"கயித்தைச் சுத்தச் சொன்னா மாட்டைக் கட்டுற மாதிரி கட்டிருக்கியே."

படகுல கீறல் விழும்னு கத்தியைக் கரையிலயே வச்சிட்டு வந்திருந்தேன். அடுத்த அலையில சார் சறுக்கிட்டார். படகு ஓரத்துக் கம்பியைப் பிடிச்சுத் தொங்குறார், இடுப்பு வரைக்கும் தண்ணி. விழுந்தா அவரை எடுக்க என்னால ஆகாது. வாய்விட்டு ஜெபம் பண்ணினேன். "ஆண்டவரே, கட்டினவன் நான். அவரை எடுத்துக்காதீங்க."

அப்ப சார் முன்ன ஒருநாள் சொன்னது உள்ளுக்குள்ள கேட்டுச்சு. படகு காத்துக்கு முதுகைக் காட்டினா, நடுமரத்துப் பெரிய பாயோட மறைவுல முன்பாய் காத்து கிடைக்காம செத்துடும். ஆனா முதுகைக் காட்டணும்னா கரையைப் பாத்துத் திருப்பணும். அங்க ஆத்து முகத்துவாரத்துல கொட்டியிருக்கிற கருங்கல்லு. அலை அது மேல உடையுறது தெரியுது. சுக்கானைப் பிடிச்சேன்.

திருப்பினேன்.

படகு நிமிந்துச்சு. முன்பாய் தொங்கிப்போச்சு. கயிறு தளர்ந்துச்சு, முடிச்சைப் பல்லால கடிச்சு அவுத்தேன். சார் மேல ஏறி வந்து மளமளன்னு பாயைச் சுருட்டினார். சுக்கானை மறுபடி கடல் பக்கம் வளைச்சப்ப, கல்லு மேல உக்காந்திருந்த நாரை கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. அவ்வளவு கிட்ட.

பிள்ளைங்களா, நம்ம தப்பால வந்த ஆபத்துன்னா எந்த மூஞ்சியோட சாமியைக் கூப்பிடுறதுன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. கூப்பிடுங்க. அவர் வந்தார். கிளம்புறப்ப நான் நிக்கிறது அவரைக் கூப்பிடத்தான். அன்னையிலேருந்து எதையும் எப்படின்னு கேக்காம நான் கட்டுறதும் இல்ல.

அன்னைக்குச் சாயங்காலம் உங்கம்மாகிட்ட கூடச் சொல்லாம, நன்றி சொல்ல நம்ம கோயிலுக்குப் போனேன். பூட்டியிருந்துச்சு. வாசப்படியில கடற்கரை மணல் ஏறிக் கிடந்துச்சு. கையாலயே அதைக் கூட்டி ஒதுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்.