தப்பே செய்யாத பைலட்

வானத்தில் போகிற விமானத்துக்குத் தரையிலிருந்து வழி சொல்லக் கற்றுக்கொடுப்பது என் தொழில். அதையும் மும்பை செம்பூரில், என் சமையலறையை ஒட்டிய அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துதான் செய்கிறேன். ஆன்லைனில் பாடம் நடத்தி, 'கேக்கறதா, கேக்கறதா' என்று கத்தியே தொண்டை போன சக பாவிகளே, என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கேளுங்கள்.

திருப்பிச் சொல்லுங்கோ

எங்கள் தொழிலின் உயிரே ஒரு வழக்கத்தில் இருக்கிறது. ஆறாயிரம் அடிக்கு இறங்கு என்று தரையிலிருந்து வழி சொல்லும் கன்ட்ரோலர் சொன்னால், பைலட் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஐயாயிரம் என்று சொல்லிவிட்டால் கன்ட்ரோலர் அந்த நொடியே பிடித்துத் திருத்த வேண்டும். விட்டால், அந்த ஐயாயிரத்தில் இன்னொரு விமானம் எதிரே வந்துகொண்டிருக்கலாம். பயிற்சியில் மாணவர்கள்தான் கன்ட்ரோலர்கள், பைலட்டாக நான் பேசுவேன். பிடிக்கிறார்களா என்று பார்க்க நடுநடுவே வேண்டுமென்றே தப்பாகத் திருப்பிச் சொல்வேன்.

இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தாதர் ஸ்டேஷனில் இறங்கி முருங்கைக்காய் வாங்கி வரச் சொன்னால் என் கணவர் 'சரி' என்பார். சரி என்பது ஒரு பதிலா? முழுசாகத் திருப்பிச் சொல்லும்வரை வாசலைத் தாண்ட விடமாட்டேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: "நான் உன் ஆத்துக்காரனா, ஏரோப்ளேனா?"

புது பைலட்

திடீரென்று கம்பெனி என்னை அந்த இடத்திலிருந்து தூக்கிவிட்டு ஒரு கம்ப்யூட்டர் குரலைப் பைலட் ஆக்கியது. என்னை வெறுமனே மேற்பார்வை பார்க்கச் சொன்னார்கள். மாணவர்கள் சொன்னதை அந்தக் குரல் ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிச் சொன்னது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பே செய்யாத பைலட்டிடம் பழகுகிறவர்கள் தப்பை எப்படிப் பிடிப்பார்கள்?

எங்கள் மேனேஜர் நவி மும்பை கோபர்கைரனேக்காரர். விமானத்தில் ஜன்னல் சீட்டைத் தவிர வேறெதுவும் அறியாதவர். போனில் பிடித்துக் கத்தினேன். நிதானமாகப் பதில் வந்தது: "அரே மேடம், தப்பு வந்தா ஸ்டூடண்ட்ஸ் டென்ஷன் ஆகறாங்க, ரேட்டிங் குறையுது!"

இசக்கிக்கு விழுந்த சிவப்பு

தாராவி வீட்டிலிருந்து ஆன்லைனில் படித்த என் மாணவி இசக்கியம்மாளுக்கு இதில்தான் வினை வந்தது. பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் சத்தத்தில் ஹெட்போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பைலட் சொல்வதைக் கடைசி வார்த்தைவரை கேட்டுவிட்டுத்தான் அடுத்த விமானத்தைக் கூப்பிடுவாள். மற்றவர்கள் கெட்டிக்காரர்கள். இந்தக் குரல் தப்பே செய்யாது என்று கண்டுகொண்டு, காதில் வாங்காமலே அடுத்ததற்குத் தாவினார்கள். சாஃப்ட்வேர் அவர்களுக்குப் பச்சை போட்டது. இவளுக்குச் சிவப்பு, 'தாமதம்'.

இன்னொரு சிவப்பு விழுந்தால் இறுதித் தேர்வு கிடையாது என்றார் மேனேஜர். கன்ட்ரோலர் ஆவதற்காக இருந்த வேலையை விட்டுவிட்டு வந்த பெண். அவளிடம் இதைச் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. அழுதுகொண்டே கேட்டாள்: "காதுல வாங்காம எப்படி மேடம் அடுத்ததுக்குப் போவ முடியும்? ப்ளேன் உள்ள நெசமாவே ஆளு இருந்தா என்ன செய்யுததுக்கு?"

விளம்பரம்

வேலையை விட்டுவிடுவேன் என்று நான் குதித்த குதியில் இசக்கியைத் தேர்வுக்கு உட்காரவிட்டார்கள். தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்த அதிகாரி கம்ப்யூட்டர் குரலை அணைக்கச் சொல்லிவிட்டு, என்னையே பைலட்டாகப் பேசச் சொன்னார். ஆறாயிரத்துக்கு ஐயாயிரம் என்றேன். பச்சை வாங்கியவர்கள் எல்லாரும் வழக்கம்போலத் தாவினார்கள். திரையில் விமானங்களைக் காட்டும் இரண்டு புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. வெறும் பயிற்சிதான், நல்லவேளை. இசக்கி மட்டும் "நெகட்டிவ், ஆறாயிரம்!" என்று குறுக்கே வெட்டித் திருத்தினாள். பாஸானது அவள் ஒருத்திதான். கேமராவை அணைத்துவிட்டு அழுதேன்.

மறுநாள் கம்பெனி விளம்பரத்தில் இசக்கி படம். பக்கத்தில் அந்தக் கம்ப்யூட்டர் குரலைப் பற்றி ஒரே புகழ்ச்சி. கொதித்துப்போய்ப் போன் செய்தேன். மேனேஜர் பூரித்துப்போய்ச் சொன்னார்: "பார்த்தீங்களா மேடம், நம்ம சாஃப்ட்வேர் எப்படி டிரெய்ன் பண்ணிருக்கு!"

தப்பு, சாஃப்ட்வேர் இல்லை, இசக்கியின் காதுதான் என்று திருத்தி, திருப்பிச் சொல்லச் சொன்னேன். தான் முதலில் சொன்னதையே ஒரு எழுத்து பிசகாமல் மறுபடியும் சொன்னார். திருத்தினால் கேட்டுக்கொள்வது விமானங்கள் மட்டும்தான் போலிருக்கிறது.