கட்டி பேசுகிறது என்றார்கள்

என் வீட்டுக்காரருக்குத் தலைக்குள் ஏதோ கோளாறு என்பது எங்களுக்கு ரசத்தினால்தான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். என் மச்சாண்டார், அதாவது இவருடைய அண்ணன், பேத்திக்குக் காது குத்தினார். மண்டபம் பிடித்து ஊரையே கூட்டியிருந்தார். எங்கள் பக்கம் பந்தி நடக்கும்போது விருந்து வைத்தவர் வரிசையாக வந்து, "சாப்பாடு எப்படீங்க?" என்று கேட்பார். இலையில் என்ன விழுந்திருந்தாலும் "அருமைங்க" என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னவரை நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் அதையும் சொல்ல மாட்டார், தலையை ஆட்டுவதோடு சரி. சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவர். நாளெல்லாம் அந்தச் சத்தத்துக்குள் நின்று கைஜாடையிலேயே வேலை வாங்கிப் பழகி, வீட்டிலும் கைஜாடைதான். நானும் வாய் திறக்காதவள். எங்கள் வீட்டில் சத்தம் போட்டுப் பேசியது குக்கர் ஒன்றுதான்.

அன்றைக்கு மச்சாண்டார் வந்து கேட்டதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பந்தி முழுவதும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ரசத்துல ஒரே ஒரு மொளகு தனியா நீஞ்சிட்டிருக்குதுங்ணா. பாவம், தொணைக்கு இன்னொண்ணப் போடச் சொல்லுங்க."

பரிமாறுகிறவர்கள் வாளியோடு அப்படியே நின்றார்கள். அதோடு விட்டாரா? சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "ஏனம்மணி, அரிசி மூட்டைக்குக் காவலா நிக்கறே? வா, வந்து எம் பக்கத்துல உக்காரு" என்று கூப்பிட்டார். முப்பது வருசத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவர், நாலு பேர் முன்னால் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் அறைக்குள் ஓடிப் போய், உண்மையிலேயே அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மச்சாண்டார் தம்பியின் வாயருகே குனிந்து மோந்து பார்த்தாராம். ரச வாசனைதான் வந்திருக்கும்.

அப்புறம் ஒரு நாள் தறிக்குப் பக்கத்திலேயே வலிப்பு வந்து கைகால் வெட்டி விழுந்தார். எங்கள் மகன் கோயமுத்தூரில் மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தான். அவன்தான் கூட்டிப் போய் ஸ்கேன் எடுத்தான். எடுத்த படத்தை டாக்டர் வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். என் வீட்டுக்காரரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மகனும் மச்சாண்டாரும் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். எங்கள் வழக்கத்தில் மச்சாண்டார் முன்னால் தம்பி பெண்டாட்டி உட்காரவும் மாட்டாள், பேசவும் மாட்டாள். சொல்ல வேண்டியது இருந்தால் சுவரைப் பார்த்தோ மாட்டைப் பார்த்தோ சொல்ல வேண்டும். அவர் காதில் விழுந்தால் விழட்டும்.

"முன்மூளையில நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. கேன்சர் கட்டி" என்றார் டாக்டர். "கூச்சம், அடக்கம் எல்லாத்தையும் பார்த்துக்கிற எடம் அது. அதை அழுத்துது. அதனாலதான் இப்படிப் பேசறார். பேசறது அவரில்ல, கட்டி."

மச்சாண்டார் எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "அப்ப எங்கூட்டுப் பொம்பளைகளுக்கு அந்த எடம் பூசணிக்கா சைசுல இருக்குமுங்களா?" என்றார்.

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மூன்று வழி சொன்னார். மண்டையைத் திறந்து முடிந்த மட்டும் எடுத்துவிட்டு, கரண்டு என்று நாங்கள் சொல்கிற கதிர்வீச்சு வைக்கலாம். திறக்காமல், சின்னத் துளை போட்டு ஒரு கிள்ளு எடுத்துப் பார்த்துவிட்டு, கரண்டு மட்டும் வைக்கலாம். இல்லையென்றால் வீட்டிலேயே மாத்திரையோடு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். எதிலும் குணமாகாது, வேர் விட்டிருக்கிறது. திறந்து எடுத்தால் கொஞ்சம் கூடுதலாக இருப்பார். ஆனால் எழுந்த பிறகு பேச்சு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. ரொம்ப அமைதியாகிப் போனாலும் போகலாம்.

"அமைதியாத்தானுங்க இருந்தான்" என்றார் மச்சாண்டார். ஏதோ தொலைந்த பொருள் திரும்பக் கிடைக்கப் போகிற மாதிரி அவர் முகம் தெளிந்தது.

எனக்குத் தெளியவில்லை. ஏன் என்று வெளியில் சொல்லவும் வெட்கம். அந்தக் கட்டி வந்ததிலிருந்து அவர் என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

காலையில் நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தால் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "உன்னையப் பொண்ணுப் பாக்க வந்தன்னிக்கு உம் மொகத்தையே பாக்கல அம்மணி. அத்தன வெக்கம். டம்ளரைத்தான் பாத்தேன். டம்ளரு நல்லாருந்துச்சு, சரின்னுபோட்டேன்."

"இப்பப் பாத்துக்கறது" என்றேன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

"அதான் பாக்கறேன். டம்ளரே பரவால்ல போலிருக்குது."

இன்னொரு நாள், நான் கட்டியிருந்த மிளகாய்ப்பழச் சிவப்புச் சேலையைப் பார்த்து, அது எனக்குப் பிடிக்குமா என்று கேட்டார். தீபாவளிக்குத் தீபாவளி அவராகவே வாங்கி வருகிற நிறம். பிடிக்காதுங்க என்றேன். "அடப்பாவமே, இத்தன வருசமா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த நாளே பஸ் ஏறிப் போய்ப் பச்சையில் ஒன்று வாங்கி வந்தார். அந்தப் பச்சையும் எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொன்னேன். ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில், வீட்டை ஒட்டிய கொட்டகையிலிருந்து தறிக்காரப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மகன் அவரிடம், "தலையில நீர் கோத்திருக்குதுப்பா, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி வைத்திருந்தான். கேன்சர் என்ற பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. அவரைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு மகனும் மச்சாண்டாரும் கொல்லைப்புறம் போய்க் குசுகுசுவென்று பேசுவார்கள். இவர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். "இன்னுஞ் சித்தச் சத்தமாத்தான் பேசுங்களேன், நீர் கோத்தவனுக்குக் காது நல்லாத்தான் கேக்குது!"

அவருக்கு எல்லாம் தெரியும். ரெண்டாம் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மகன் மருந்து வாங்கப் போன நேரத்தில், நேராக டாக்டரிடமே கேட்டுவிட்டார். கூச்சம் போய்விட்டதே, கேட்பதற்கு என்ன? டாக்டரும் சொல்லிவிட்டார். இதை என்னிடம் மட்டும் சொன்னார். "அவங்க மறைக்கறதப் பாக்கறக்கு நல்லாருக்குது. கெடுத்துப்போடாதே" என்றார்.

மகன் மண்டையைத் திறந்தே ஆக வேண்டும் என்று நின்றான். "இருக்கிறதுல பெரிய வைத்தியத்தைப் பாக்காம விட்டுட்டா நாளைக்கு என்னால தூங்க முடியாது பெரியப்பா" என்றான். மச்சாண்டாருக்குத் தம்பி பழையபடி ஆக வேண்டும், ஆனால் கத்தி என்றால் பயம். பேசிப் பேசி ஒரு முடிவுக்கும் வராமல், கடைசியில் சாமியிடம் பூக் கேட்பது என்று ஆனது. கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, எதுவானாலும் எங்கள் பக்கம் குலதெய்வத்திடம் கேட்கிறதுதான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

முதல் நாள் அவர் என்னிடம் கேட்டார். "அம்மணி, உனக்கு என்ன தோணுது?"

"நானென்னங்க சொல்றது."

"எனக்குத் தெறக்க வேண்டாம். நாலு மாசங் கொறஞ்சாலும் போகுது, வாய் இருக்கோணும். ஆனா இத நான் சொன்னாக் கட்டி பேசுதும்பாங்க. நீ சொன்னாத்தான் எடுபடும்."

"மச்சாண்டார் முன்னாலீங்களா?"

"அவரு என்ன புலியா? அவரு கோமணத்தோட கெணத்துல நீச்சப் பழகுனத நானு பாத்திருக்கேன்."

சொல்கிறேன் என்றேன். மறுநாள் வேன் பிடித்துக் காங்கேயம் தாண்டிப் போய்ச் சேருகிற வரைக்கும் வாயே வரவில்லை. ரெண்டு தடவை தொண்டையைச் செருமினேன். மச்சாண்டார் என் பக்கம் திரும்பாமல், ஜன்னலைச் சாத்தச் சொல்லி மகனிடம் சொன்னார். அந்தம்மாளுக்குக் காத்து ஒத்துக்கவில்லை போலிருக்கிறதாம்.

கோயிலில் பூசாரி பொட்டலம் கட்டி வைத்தார். காது குத்திய பேத்தியையே எடுக்கக் கூப்பிட்டார்கள். அது கம்மலைப் பிடித்துக்கொண்டு நெளிந்தது. அது முன்னால் வருவதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்து போனார். ரெண்டு பொட்டலத்தையும் எடுத்தார், ரெண்டையும் பிரித்தார். ஒரு கையில் நந்தியாவட்டை, இன்னொரு கையில் செவ்வரளி.

"ரெண்டும் இருக்குது" என்றார், எல்லோருக்கும் காட்டி. "இப்ப என்ன பண்ணுவீங்க?"

மகன், "அப்பா, என்னப்பா இது!" என்று ஓடி வந்தான்.

"கட்டிதான் பேசுது, நீங்க மறுக்காக் கட்டுங்க பூசாரி" என்றார் மச்சாண்டார்.

"கட்டக் கட்ட அவுப்பேனுங்ணா. எந் தலைக்குள்ள கேன்சருன்னு எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு மகன் முகத்தைப் பார்த்தார். அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இவர் குரலைத் தணித்துக்கொண்டார். "அழுவாத கண்ணு. நல்லாத்தான் மறச்சே, நாந்தான் கெட்டிக்காரன். சாமிய நானொண்ணும் கொற சொல்லல. உங்கம்மாகிட்டக் கேக்கச் சொல்லுது, அவ்வளவுதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முன்னால் நல்லவேளையாக ஒரு கல்தூண் இருந்தது. நான் தூணைப் பார்த்துக்கொண்டேன்.

"கத்தி வேண்டாமுங்க" என்று தூணிடம் சொன்னேன். "கரண்டு மட்டும் வெக்கலாமுங்க. இருக்கிற மட்டும் அவரு பேசோணும்."

"அம்மா, காலங் கொறஞ்சு போகும்மா" என்றான் மகன்.

"தெரியுங் கண்ணு. ஊமையா வெச்சுப் பாத்தது போதும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. முகத்தைத் தூணோடு ஒட்டிக்கொண்டேன். மச்சாண்டார் துண்டை உதறித் தோளில் போட்டார். நாலு எட்டு நடந்து, அதே தூணுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, தூணிடமே சொன்னார். "அந்தம்மணி சொல்றதும் ஞாயந்தான்."

கரண்டு வைத்தார்கள். தினமும் கோயமுத்தூருக்குப் பஸ்ஸில் போய் வந்தோம். தலையில் ஊதா மையில் கோடு போட்டு அனுப்புவார்கள், அழிக்கக் கூடாது. சந்தைக்கு ஓட்டிப் போகிற மாடு மாதிரி இருக்கிறேனா என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்பார். அந்த மனிதர் எந்த ஊர்ச் சந்தை என்று விசாரிப்பார். முடி கொட்டியது, சோர்ந்து போனார், சில நாள் வாந்தி நிற்காது. திறந்து பார்த்திருக்கலாமோ என்று எனக்கே தோன்றும். அவர் வாய் மட்டும் நிற்கவில்லை.

தினமும் பொழுதோடு, வெயில் தாழ்ந்ததும், மச்சாண்டார் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். இவர் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப மாட்டார். வாசலில் நின்று, வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன சொன்னான்?" என்று கேட்பார். கோயிலுக்குப் போய் வந்ததிலிருந்து மரமோ சுவரோ, எதன் வழியாகவாவது எனக்கும் அவருக்கும் பேச்சு நடந்தது. இவர் சொன்னதை அப்படியே சொல்வேன். பெரும்பாலும் அண்ணனைப் பற்றித்தான் இருக்கும். அவர் குறட்டை பற்றி, வண்டி ஓட்டுகிற லட்சணம் பற்றி. ஒரு வார்த்தை விடாமல் சொல்வேன். அவரைத் திட்டுவதற்கு எனக்கு வேறு வழி எப்போது கிடைக்கும்? "படுவா" என்று சிரித்துக்கொண்டே போவார்.

கார்த்திகை முடிகிற நேரத்தில் என் வீட்டுக்காரர் பேச்சு குறைந்தது. முதலில் வார்த்தை தேடினார், பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையிலிருந்து ஒன்றுமே சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். பொழுதோடு மச்சாண்டார் வந்து மரத்தடியில் நின்றார். குரல் அன்றைக்குத் தாழ்ந்திருந்தது.

"இன்னைக்கு ஏதாச்சும் சொன்னானா?"

நான் மரத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"உங்க மீசை இடது பக்கம் எறங்கிக் கெடக்குதாமாங்க. மழையில நனஞ்ச பூனையாட்டம் இருக்குறீங்களாமா."

அவர் மீசையைத் தொட்டுப் பார்த்தார். ரெண்டு பக்கமும் நீவிவிட்டுக்கொண்டார். "படுவா" என்றார். மறுநாள் பொழுதோடு வந்தபோது மீசையை ஒதுக்கிவிட்டு வந்திருந்தார். மரத்தடியில் வந்து நின்று, "இன்னைக்கு?" என்று கேட்டார்.