ஒரு டிஸ்க்கில் மட்டும் கேட்ட சிரிப்பு

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் நோண்டி. கதைகளை வாசிக்கவைத்துப் பதிவு செய்யும் எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். நன்றாக ஓடுகிற ஃபேனைக்கூட, ஏன் நன்றாக ஓடுகிறது என்று கழற்றிப் பார்ப்பாள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மைக் செட்டுக்குப் பின்னால்தான் அவளைத் தேட வேண்டும். அவளுடைய அக்கா எங்களிடமே எடிட்டர். கதை வாசிப்பவர்களின் இருமல், தடுமாற்றம் எல்லாவற்றையும் சுவடு தெரியாமல் வெட்டி எடுப்பாள். காது அப்படிப்பட்ட காது.

அந்தக் காதுக்குத்தான் ஆபத்து வந்தது. ஒரு பேய்க்கதையின் நடுவே வாசித்தவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டதை அக்கா வெட்டியிருந்தாள். மறுநாள் போட்டால் சிரிப்பு இருந்தது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினால் இல்லை. அவர் போனபின் மறுபடி இருந்தது.

"காத டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்கம்மா. அதுவரைக்கும் எடிட்டிங்க வேற யாராவது பாக்கட்டும்" என்றார் முதலாளி.

அக்கா ஆடிப்போனாள். சாப்பிடும்போது தங்கையிடம், "கோளாறு காதுலயா மண்டையிலயான்னே தெரியலடி. பயமா இருக்கு" என்றாள்.

நோண்டிக்குச் சட்டென்று சர்வர் ஞாபகம் வந்தது. கூடத்துப் பதிவுகளையெல்லாம் சேமித்துவைக்கும் அந்தச் சர்வரில் இரண்டு டிஸ்க். எதை எழுதினாலும் இரண்டிலும் எழுதும். ஒன்று போனால் மற்றது காப்பாற்றும். வாரம் ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டு, எத்தனை இடங்கள் ஒத்துப்போகவில்லை என்று ஓர் எண்ணைக் காட்டும். கொஞ்ச காலமாகவே அது பூஜ்யமாக இல்லை. இந்தத் தொழிலில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் சர்வர் தற்காலிகமாக எழுதிப்போட்ட குப்பையாக இருக்கும். உலகத்தையே நோண்டுகிறவள் இதை மட்டும் நோண்டாமல் விட்டிருந்தாள்.

சேமித்த பதிவைத் திரும்ப எடுக்கும்போது சர்வர் இரண்டு டிஸ்க்கையும் பார்க்காது. அந்த நேரத்தில் எந்த டிஸ்க் சும்மா இருக்கிறதோ அதிலிருந்து எடுக்கும். அப்படியென்றால்? அவளுக்குக் கை பரபரத்தது. அக்காவையும் முதலாளியையும் உட்காரவைத்து, டிஸ்க்குகளைத் தனித்தனியாகத் திறந்தாள். ஒத்துப்போகாத இடமெல்லாம் அந்தப் பேய்க்கதைக்குள்தான் இருந்தது. முதல் டிஸ்க்கில் சிரிப்பு. இரண்டாவதில் அது இல்லை. அக்கா வெட்டியதை முதல் டிஸ்க் எழுதவே இல்லை. எழுதிவிட்டேன் என்று சர்வரிடம் பொய் சொல்லியிருந்தது. சர்வர் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் பட்டியலில் அதைப் பற்றி மூச்சே இல்லை.

"அதான் தெரிஞ்சுபோச்சே, சரி பண்ற கமாண்ட தட்டும்மா" என்றார் முதலாளி.

"தட்டினா முதல் டிஸ்க்ல இருக்கறத ரெண்டாவதுல காப்பி பண்ணிடும் சார். ரெண்டும் வேற வேறன்னுதான் அதுக்குத் தெரியும். எது சரின்னு தெரியாது."

"பின்ன யாருக்குத் தெரியும்?"

நோண்டி ஹெட்ஃபோனை அக்காவிடம் நீட்டினாள். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்கதாம்மா கேட்டுச் சொல்லணும்."

அக்கா இரண்டையும் கேட்டாள். "ரெண்டாவது" என்றாள்.

முதல் டிஸ்க்கை அழித்து, இரண்டாவதிலிருந்து புதிதாக நிரப்ப நோண்டி தயாரானாள். அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"இருடி. அழிக்கறதுக்கு முன்னாடி இன்னொரு வாட்டி போடு."

போட்டாள். பேய்க்கதைக்கு நடுவே யாரோ விழுந்து விழுந்து சிரிக்க, அக்கா அழுதுகொண்டே, "இருக்குடி, நெஜமாவே இருக்கு" என்றாள்.